வாசலிலேயே நின்ற தாய்மாமன் சீர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தங்கள் பிழைப்புக்குத் தாங்களே குழி தோண்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். தாளம் தப்பாமல் தோண்டியவர் ரெட்டைப்பாட்டு ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவரோடு இரண்டு வருடம் தங்கியிருந்த பாவி நான்.

விசேஷ வீடுகளில் டிஜே போடுவது அவர் வேலை. மற்ற டிஜேக்கள் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை விடுவார்கள். இவர் தன் டிஜே பெட்டியின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே பாட்டை ஏற்றுவார். இடது பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்தில் அதைத் தொடக்கத்துக்கு இழுத்துவைத்து, சரியான தட்டு விழும்போது அங்கே தாவிவிடுவார். இப்படி மாற்றி மாற்றித் தாவினால் அரை நிமிட மேளத்தை அரை நாளுக்கு நீட்டலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு ஒன்றை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளுவார். ஒவ்வொரு சொல்லும் இரண்டிரண்டாக விழும். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். பொன்னமராவதிக் கல்யாணம் ஒன்றில் பெண்ணின் அப்பா பதறி ஓடிவந்தார்.

"ஏங்க, ஸ்பீக்கர்ல தண்ணி பூந்துருச்சுங்களா?"

"இல்லங்க, இது வித்தைங்க."

"வித்தையெல்லாம் ஒங்க வீட்ல வச்சுக்கங்க. இங்க பாட்டப் போடுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இந்தப் பக்கமும் கூப்பிடவில்லை. கத்தாரில் இருந்த அவர் மச்சான் டிரைவர் விசா அனுப்பியிருந்தார். ரெட்டைப்பாட்டு அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு விசேஷம் நல்லா அமைஞ்சாப் போதும் தம்பி, நான் இங்கிட்டே கெடந்துருவேன்" என்பார். கேட்கச் சகிக்காமல், வல்லத்திராக்கோட்டையில் என் அக்கா மகளின் காதுகுத்துக்கு அவரை ஏற்பாடு செய்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் குத்தியாக வேண்டும். மூத்த தாய்மாமன் என்ற முறையில் எங்கள் பெரியண்ணன்தான் சீர்த்தட்டோடு முன்னால் வர வேண்டும். "மாமன் பந்தலுக்குள்ள கால் வைக்கவும் பாட்டுல குரல் வரவும் சரியா இருக்கணும்ணே" என்று ரெட்டைப்பாட்டிடம் சொன்னேன். அதையே பெரியண்ணனிடமும் சொல்லித் தொலைத்தேன்.

பத்து மணிக்குப் பந்தல் வாசலில் சீர் வந்து நின்றது. ஸ்பீக்கரில் பாட்டின் தொடக்க மேளம் கிளம்பியது. குரல் வரட்டும் என்று பெரியண்ணன் நின்றார். கால் வைக்கட்டும் என்று ரெட்டைப்பாட்டு இடமிருந்து வலம், வலமிருந்து இடம் தாவிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் போனது. வெயிலில் பெரியண்ணனின் மை பூசிய மீசை கரைந்து உதட்டுக்கு இறங்கியது.

"உள்ள போங்கண்ணே!" என்று பின்னாலிருந்து கத்தினேன். என் தலையில் பழத்தட்டு.

"பாட்டே ஆரம்பிக்கல, எப்புட்றா போறது? வீடியோவுல கேவலமா இருக்கும்."

ரெட்டைப்பாட்டுக்குக் கை காட்டினேன். இன்னும் உற்சாகமாக நீட்டச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் அக்கா வீட்டுக்காரர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். பந்தல் அமைதியானது. "இப்பச் சுத்தமாப் பாட்டே இல்லையேடா!" என்றார் பெரியண்ணன். அப்போது மணி பத்து முப்பத்திரண்டு.

காது குத்த வந்த ஆசாரி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அக்கா அழுதாள். அவள் வீட்டுக்காரர் ரெட்டைப்பாட்டின் பெட்டியை ரோட்டில் கொண்டுபோய் வைத்தார். இனி இந்த டிஜேயைக் கூப்பிடக்கூடாது என்று கூடியிருந்த அத்தனை ஊர்க்காரர்களும் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் நாள், கத்தாருக்குப் பிளேன் ஏறக் கிளம்பியவரைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லப் போனவன், ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு அந்த மேளத்த அறுபது தடவைக்கு மேல சேத்தேன். எங்கயாச்சும் ஒரு எடத்துல தாவுனது ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"ஒரு எடத்துலகூடத் தெரியலண்ணே."

அந்தப் பத்து நாளில் அப்போதுதான் அவர் சிரித்தார். நான் சொன்னது சத்தியமான உண்மை. அதைப் பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும்.