கடற்காற்று எழுதிய தீர்மானம்

முதல் குறட்டை காலை பத்தரை மணிக்கே கேட்டது.

வாசலில் நின்றிருந்த மாதா கோயில் உபதேசியார் இஞ்ஞாசி திடுக்கிட்டுத் திரும்பினார். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். மேலமடைப் பெரியவர் வேல்சாமி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூணில் சாய்ந்து வாயைப் பிளந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில் கீழமடைக் கூத்தையா, அவரை முறைக்கத் திறந்த கண்களைப் பாதியில் மறந்து போயிருந்தார்.

இரண்டும் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து நெல் ஊர்கள். ஒரே கண்மாய்த் தண்ணீர். மடை திறந்தால் மேலமடை வயல்கள் குடித்தது போக மிச்சம்தான் கீழமடைக்கு. சுதந்திரம் வந்த வருஷம் தொடங்கிய சண்டை, பதினோரு வருஷத்தில் நாலு மண்டைகளை உடைத்திருந்தது. ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால் வைக்க மாட்டார். அதனால் சமரசம் பேச, இருவருக்கும் சம்பந்தமில்லாத கடற்கரையில், சங்குத்துறை மாதா கோயிலின் பழைய மண்டபத்தை ஒருநாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

இருநூறு வருஷத்துக்கு முன் கடல்பாறைக் கல்லில் கட்டிய மண்டபம். நீலக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே நுழைந்தால் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். தோன்றிய கொஞ்ச நேரத்தில் கண் சொருகும். போன மாதம் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் பேச வந்தவர் தன் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார். அதற்கு முன் நடந்த நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை, மோதிரம் போடும்போதும் விழிக்கவில்லை.

"இஞ்ஞாசி, இதுதான் கடைசி. இந்தக் கூட்டமும் முடிவில்லாமத் தூங்கி வழிஞ்சா, மண்டபத்தைக் கருவாட்டு யாவாரி சதக்குக்கு மூட்டை அடுக்குற கிட்டங்கியா விட்டுருவேன்" என்று கோயில் பாதிரியாரான பங்குச்சாமி சொல்லியிருந்தார்.

இஞ்ஞாசிக்கு மனைவி மக்கள் இல்லை. மாலையில் இந்த மண்டபத்தில் விளக்கேற்றாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே அது நடக்காது.

"என்ன உபதேசியாரே, சாஞ்சிட்டாகளா?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் கருத்தம்மாள். மண்டபம் கூட்டி, தண்ணீர் எடுத்து வைப்பவள். 'ரெண்டு ஊருக்காரவுக இடம் தேடி அலையிறாகளாம், இங்கன வரச் சொல்லவா?' என்று இந்த வாடகையைப் பிடித்துத் தந்தவளும் அவள்தான்.

"காத்துதான் கெடுக்குது" என்று இஞ்ஞாசி ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

கால் மணி நேரத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். வேர்வை ஊற்றியது. வேர்வையோடு பழைய கோபமும் வந்தது.

"ஏலே, களவாணிப் பயலே! ராத்திரியில மடையை ஒடச்சது நீதானடா?" என்று எழுந்தார் வேல்சாமி.

"யாரைப் பாத்துய்யா களவாணிங்கிற?" கூத்தையா துண்டை இடுப்பில் இறுக்கினார். பின்னால் யாரோ பெஞ்சைத் தூக்கினார்கள். தீர்மான நோட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்த சேதுராமன் வாத்தியார் நோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"வேர்த்தாக் கோவம் வரத்தான செய்யும்" என்றாள் கருத்தம்மாள். "ஜன்னலைத் தொறந்து விடுங்க. நான் ஆளுக்கொரு பட்டை பதநீ கொண்டாரேன். குளுந்துருவாக."

குளிர்ந்தார்கள். பனையோலைப் பட்டையைக் கீழே வைத்தவர்கள் கையை அங்கேயே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள்.

"இப்ப என்ன செய்ய?" என்றார் இஞ்ஞாசி.

"கோயில் மணியை அடிங்க. பதறிக்கிட்டு எந்திரிப்பாக."

அடித்தார். எழுந்தார்கள்தான். ஆனால் பதறவில்லை. "சாப்பாட்டு மணியா? நல்ல ஏற்பாடுதான்" என்று கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோற்று மணம் மண்டபம் முழுக்கப் பரவியது.

"ஐயோ, சோறு வேற தின்னுட்டாகளே!"

"பெஞ்சுல இருந்தா விழுந்து வப்பாக. பாயை விரிச்சுருவமா? சம்மணம் போட்டா முதுகு நிமுந்து நிக்கும்" என்றாள் கருத்தம்மாள்.

அது சரியாகத்தான் பட்டது. விரித்தார்கள்.

இரண்டு ஊரும் பாயில் உட்கார்ந்தது. சற்று நேரம் முதுகுகள் நிமிர்ந்தே இருந்தன. பிறகு ஒரு முதுகு சாய்ந்தது. அதன் மேல் பகையாளி ஊர் முதுகு ஒன்று சாய்ந்தது. கடல், மூச்சு விடுவது போல வந்து போய்க்கொண்டிருந்தது. நீல வெளிச்சம் தரையில் மெல்ல நகர்ந்து வேல்சாமியின் மீசையில் ஏறி, கூத்தையாவின் வழுக்கையில் இறங்கியது. யாரும் யாரையும் திட்டவில்லை. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு அமைதி அவர்களுக்குள் இருந்ததே இல்லை. இஞ்ஞாசிக்கு அதைக் கலைக்க மனசு வரவில்லை. ஒரு செபம் சொல்லி முடித்துவிட்டு எழுப்பலாம் என்று சுவரோரம் உட்கார்ந்தார். பாதிச் செபத்துக்கு மேல் அவருக்கு நினைவில்லை.

அவர் விழித்தபோது வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காதவர்கள் போல உட்கார்ந்தார்கள்.

"நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸு" என்றார் வேல்சாமி, தொண்டையைச் செருமி. "வாத்தியாரே, என்ன முடிவாச்சுன்னு ஒருவாட்டி வாசிச்சிருங்க."

சேதுராமன் நோட்டைத் திறந்தார். ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இந்த வருஷம் கண்மாய் நிறைந்ததும் முதல் எட்டு நாள் தண்ணீர் கீழமடைக்கு. கடைசி வயலில் தொடங்கிப் பாய்ச்ச வேண்டும். அடுத்த எட்டு நாள் மேலமடைக்கு. இரண்டு ஊரும் மனம் ஒத்துச் சம்மதித்தது."

வேல்சாமி நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு… நான் சம்மதிச்சேனா?" என்றார் வேல்சாமி.

கூத்தையாவுக்கும் ஒன்றும் நினைவில்லை. ஆனாலும் கேட்டார்: "பின்ன? தூங்கிக்கிட்டா இருந்தீக?"

"யாருய்யா தூங்குனது? ஒரு சொல்லு விடாமக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்!"

"அப்பக் கையெழுத்தப் போடுங்க."

வேல்சாமி சுற்றிலும் பார்த்தார். தன் ஆட்கள் எல்லோரும் முழு விழிப்போடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பேனாவை வாங்கினார். "இதை முதல்ல எடுத்துச் சொன்னதே நாந்தானப்பா" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

பங்குச்சாமி வந்து பார்த்துப் பூரித்துப்போனார். "சதக்கை வேற இடம் பாத்துக்கச் சொல்லிருதேன்."

பஸ் ஏறும்போது சேதுராமன், இஞ்ஞாசியின் காதருகே குனிந்தார். "உபதேசியாரே, அது என் எழுத்து இல்ல. நீங்கதான எழுதுனீக?"

"நானா? நானும்…" என்று தொடங்கிய இஞ்ஞாசி நிறுத்திக்கொண்டார். பஸ் கிளம்பியது.

இஞ்ஞாசி மண்டபத்துக்குத் திரும்பி, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கருத்தம்மாள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியில் நீலம் தெரிந்தது. கண்ணாடி வெளிச்சம் என்று நினைத்தார். அவள் தூணின் நிழலுக்குள் போனாள். நீலம் அப்படியே இருந்தது.

"கருத்தம்மா, உனக்கு எழுதத் தெரியுமா?"

"கன்னியர் மடத்துல பாத்திரம் தேய்க்கைல அம்மாமாரு சொல்லிக்குடுத்தாக."

ஜன்னல், பதநீர், மணி, பாய் என்று இஞ்ஞாசியின் மனசுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றது. எழுந்து அவள் பக்கம் போய்க் கேட்டார்.

"நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. பொறந்த ஊரு எது?"

"கீழமடைதான், உபதேசியாரே" என்றாள் அவள், கடைசிப் பாயைத் தூக்கித் தோளில் சாய்த்தபடி. "அந்தக் கடைசி வயலு எங்கய்யாவோடது."