திருடிக்கு எதற்கு வைத்தியம்?

'ஆளுக்கு ஒரு வேலைதான்' என்று சாதிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவனே அடுத்த சுற்றில் ரசத்தோடு வந்தால் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார், மின்விசிறி நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் வரும்வரை வியர்த்துக் கொட்டக் காத்திருப்பார், வந்தவன் சுவிட்சைப் போட்டுக் காட்டினால், "பாத்தியா, அவனவன் வேலையை அவனவன் செஞ்சா எப்டி நடக்குது!" என்று மனைவியைப் பார்த்துப் பூரித்துப்போவார். ராயபுரத்தில் டென்னிஸ் என்று ஒருவர், இந்த இனத்தில் அசல் சரக்கு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கொக்கி மாட்டுகிறவன் கயிறு பிடிக்கக் கூடாது, கயிறு பிடிக்கிறவன் கிரேன் ஏறக் கூடாது. உலகமே இப்படி நடந்தால் சண்டை ஏது என்பது அவர் சித்தாந்தம். உலகம் கேட்கவில்லை. அதனால் ஞாயிறு மதியம் தன் வீட்டு மாடியில் தானே ஓர் உலகத்தை நடத்தினார். பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம். ஆளுக்கொரு வேஷம்: அறிவு என்கிற பையனுக்கு வீரன், பக்ருதீனுக்குக் காயத்துக்கு வைத்தியம் பார்க்கும் சாமியார், ரோஸ்மேரிக்குப் பூட்டுத் திறக்கும் திருடி. குகை, பூதம், மற்ற சகலத்தையும் ஆட்டிவைத்துக் கதையை நடத்துகிற மாஸ்டர் டென்னிஸ்தான். வாரம் ஆறு நாள் கிரேன் கூண்டில் தனியாகக் கிடக்கிற மனுஷன் சொல்வதை, மூன்று பேர் நான்கு மணி நேரம் வாய் பிளந்து கேட்பார்கள். அந்த மேஜை போனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

அதற்கு வந்ததே வினை! எட்டு மாதமாக ஆட்டத்தில் பூட்டுத் திறந்து திறந்தே படிப்படியாக உயர்ந்த ரோஸ்மேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, என் திருடிக்குக் கொஞ்சம் வைத்தியமும் குடு. ஒரே ஆளுக்கு ரெண்டு தொழிலு. மல்டிகிளாஸ்னு ஆட்டத்து ரூல் புக்லயே கீது."

"புக்ல ஆயிரம் கீதும்மா. மாஸ்டர் ஒத்துக்கணும்னும் கீது. திருடிக்கு எதுக்கு வைத்தியம்? சாமியார் பொழப்புல மண்ணைப் போடறியா?"

"பக்ருதீன் அண்ணனே சரின்றாரு. நான் காலைல காசிமேட்டுல மீன் ஏலம் வுட்டு, மத்தியானம் ஜாக்கெட் தைக்கல?"

"அது வாழ்க்கைம்மா. அதுலதான் ஒரு ஒழுங்கும் இல்ல. ஆட்டத்துலயாச்சும் இருக்கட்டும்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? ரோஸ்மேரி பகடையை எடுத்து அடுத்த பூட்டைத் திறக்கப் போனாள்.

அடுத்த ஞாயிறு பக்ருதீனைக் காணோம். அவர் ஓட்டுகிற டிரெய்லர் எண்ணூர் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் முந்தின நாளிலிருந்து நின்றுகொண்டிருந்தது. ஆட்டத்தில் பூதம் வந்துவிட்டது. அறிவின் வீரன் குற்றுயிராகக் கிடந்தான்.

"கவலப்படாத, சாமியாரை நானே ஆடிக்கிறேன்" என்றார் டென்னிஸ்.

ரோஸ்மேரி பகடையைக் கீழே வைத்தாள். "அண்ணே, பூதம் யாரு?"

"நான்தான்."

"அப்ப அட்ச்சிப் போடறதும் நீ, கட்டு போடறதும் நீ. இன்னாண்ணே, ஒரே ஆளுக்கு ரெண்டு தொழிலா?"

டென்னிஸ் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "சரிம்மா, திருடியே வைத்தியம் பாக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் பிழைப்பார்கள். மேஜையும் பிழைக்கும். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! சாமியாரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பூதத்தை மட்டும் ஆடினார். மகா நேர்மையாக ஆடினார். வீரன் செத்தான். திருடி செத்தாள். சும்மா நின்ற சாமியாரும் செத்தார். எட்டு மாத ஆட்டம் பத்தே நிமிஷத்தில் காலி.

"பேஜாரா பூட்ச்சு" என்று அறிவு எழுந்தான்.

மறு வாரம் ஆட்டம் ரோஸ்மேரி வீட்டுக்குப் போய்விட்டது. அவள்தான் மாஸ்டர். டென்னிஸ் மாடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பகடை உருட்டிப் பார்த்தார். அழுகை வந்தது, பொய் சொல்வானேன். இரண்டு ஞாயிறு பல்லைக் கடித்தார். மூன்றாவது ஞாயிறு அவள் வாசலில் போய் நின்றார்.

"வாண்ணே, குந்து. இன்னா ஆளு வோணும்?"

"வீரன்."

எழுதிக்கொண்டாள். டென்னிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கே உட்கார்ந்திருந்த அறிவு, பக்ருதீன் காதில் விழாதபடி குரலைத் தணித்தார்.

"கூடவே கொஞ்சம் மந்திரமும் போட்டுக்கம்மா."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நான் இப்போது நைசாக உங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் எப்படி?" என்று கேட்டால், "கதை சொல்ல வந்தவன் கதையை மட்டும் சொல்ல வேண்டியதுதானே, கேள்வி கேட்பதெல்லாம் இவன் வேலையா?" என்று முகம் சுளிப்பீர்களா, மாட்டீர்களா?