போறேன் என்று சொல்லாதவர்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், எழுதிக்கொள்வது. இவ்விடம் நலமில்லை. அவ்விடம் எல்லாரும் அமோகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் மருமகனுக்கு என் ஆசிகள், வாங்கிக்கொள்ளும் மனநிலையில் அவர் இருந்தால். உங்கள் தங்கைக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவள் குளித்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பது மாதமாக ஞாயிறு தவறாமல் நான் போன் செய்கிறேன். ஞாயிறு தவறாமல் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். "அவ குளிக்கறா மாப்பிள்ளை" என்கிறீர்கள். காலையில் செய்தாலும் குளிக்கிறாள், சாயங்காலம் செய்தாலும் குளிக்கிறாள். போன மாதம் உங்கள் தெருவில் மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நீங்களே புலம்பிவிட்டு, அடுத்த மூச்சிலேயே அவள் குளிப்பதாகவும் சொன்னீர்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துப் பொய்களைக் கேட்டுக் காது பழுத்தவன் நான். உங்கள் பொய் எட்டாம் வகுப்புத் தரத்துக்குக்கூட வரவில்லை.

என்னை இங்கே தள்ளிவிட்டவர் நீங்கள் என்பதால் இங்கே நடப்பதைக் கேட்கும் கடமையும் உங்களுக்கு உண்டு. உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் ஏழு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு மூன்று என்று மார்க்கும் போட்டு, நான் சம்பந்தி கையில் கொடுத்தேன். அது குற்றமாம். பிழையோடு அச்சடித்தவன் யோக்கியன், திருத்தினவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். "வெளிநாட்டுல இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஏக கிராக்கி மாப்பிள்ளை, உங்க அருமை அவங்களுக்குத்தான் தெரியும்" என்று வெண்ணெய் தடவினீர்கள். உங்கள் தங்கையும் அடுப்படியிலிருந்து, "போகட்டுமே, இங்க யாருக்கும் பாடம் வேண்டியதில்ல" என்றாள். அதைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருக்க எனக்கென்ன சொரணையில்லையா? பெட்டியைத் தூக்கினேன். வாசலில் நின்று "போறேன்" என்றேன். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். "போறேன்னு சொன்னேன்" என்றேன். அவள் திரும்பி உள்ளே போனாள். மறுநாளே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் சரியாக இருந்த வாக்கியம் மச்சான் அது. அதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இனி என் அருமை தெரிந்தவர்களைப் பற்றி. இங்கே என் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர், எல்லாம் தலை நரைத்த வயசு. அவர்கள் அரைகுறை இங்கிலீஷில் சொல்வதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. கதவோரம் உட்காருகிறவர் ஒரு பஸ் டிரைவர். இறந்த காலம் என்றால் அவருக்கு வேப்பங்காய். நேற்று போனேன் என்பதற்கு 'ஐ கோ' என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டுவார். திருத்தினால், "பின்னால பாக்கத்தான் கண்ணாடி இருக்கே சார், அதுக்கு எதுக்குத் தனியா ஒரு சொல்லு?" என்பார். முன் பெஞ்சில் பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'தி' என்று சொல்வது எப்படியென்று நான் வாயைத் திறந்து காட்டினேன். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து, "அப்படியே இருங்க, மூடாதீங்க. கீழ் வரிசையில கடைசிப் பல்லு சொத்தை, எடுத்தாகணும்" என்றார். மற்ற பத்துப் பேரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் உச்சரிப்பை யாரும் கேட்பதில்லை, பல்லைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாமவர் ஒரு பூட்டு ரிப்பேர்காரர். நோட்டு முழுக்க முத்து முத்தான எழுத்து, வாயில் மட்டும் அவர் செய்த பூட்டு. ஏழு மாதத்தில் அவர் சொல்லக் கற்றது ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் நாசமாகப் போனேன்.

முதல் வார வகுப்பு முடிந்ததும் பஸ் டிரைவர் கதவருகில் திரும்பி, "ஐ ஆம் கோயிங்" என்றார். இலக்கணப்படி அப்பழுக்கில்லை. என் சர்வீஸில் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டதும் எங்கள் வீட்டு வாசல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "அப்படிச் சொல்லாதீங்க" என்றேன். "என்ன தப்பு?" என்று பல் டாக்டர் கேட்டார். வீட்டு ஞாபகம் வருகிறது என்று ஒரு வாத்தியார் சொல்ல முடியுமா? அது மரியாதையில்லை என்று புளுகிவிட்டு, கரும்பலகையில் பெரிதாக 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதினேன். போய்விட்டு வருகிறேன். ஊரெல்லாம் பிழை பிடித்த இந்தக் கையால், நானே எழுதினேன். பதினொரு பேரும் சேர்ந்து சொன்னார்கள். பூட்டு ரிப்பேர்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னார். அதற்குப் பிறகு அதை அழித்துவிட்டு வேறு எழுத எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட மனிதர், மேஜைமேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர். பாதிப் பேராவது தேறினால்தான் எனக்கு அடுத்த வருஷம் வேலை. முதலில் பஸ் டிரைவர் போனார். கட்டைவிரலால் இரண்டு இடத்தில் சமாளித்தாலும் நன்றாகவே சொன்னாராம். முடித்துவிட்டு எழுந்து, கைகூப்பி, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். தேர்வாளர், மனிதர் ஏதோ அவசரமாகப் போகிறார், வந்துவிடுவார் என்று காத்திருந்தார். பத்து நிமிஷம். வரவில்லை. அடுத்து பல் டாக்டர். அவரும் அதையே சொல்லிவிட்டு வந்தார். படித்த அம்மாள், சொன்னால் சொன்னபடி வருவார் என்று அதற்கு ஒரு கால் மணி நேரம். மூன்றாவது பூட்டு ரிப்பேர்காரர். முதல் கேள்விக்கே எழுந்து நின்று தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெளியேறினார். பதிலை யோசித்துக்கொண்டு வருவார் என்று அந்த மனிதர் மறுபடி உட்கார்ந்திருக்கிறார். பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதி எட்டுப் பேரை உள்ளே கூப்பிடவே இல்லை. இந்த ஆசிரியரின் மாணவர்கள் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் ஏமாற்றுகிறவர்கள் என்று அறிக்கை எழுதியிருக்கிறார். அதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வகுப்புகளை நடத்தும் நிர்வாகி அம்மாள் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, "இது எந்த ஊர் இங்கிலீஷ் சார்?" என்று கேட்டார். எங்கள் வீட்டு வாசல் இங்கிலீஷ் என்று சொல்லவா முடியும்? வகுப்பை அன்றே மூடிவிட்டார்கள். அறைக்குப் பூட்டும் போட்டாயிற்று.

உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் உங்கள் வாசலில் வந்து நிற்பேன் என்று கனவு காண வேண்டாம். இதைவிட தூரத்தில் இன்னொரு நாட்டில் ஆள் எடுக்கிறார்களாம், அங்கே மனுப் போடுகிறேன். அந்த வாக்கியத்தை இனி என் வகுப்பில் ஒருத்தனும் சொல்லக் கூடாது. நான் வாசலில் சொன்னதும் சரிதான், பத்திரிகையில் ஏழு பிழை இருந்ததும் சரிதான். திருத்திக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் தங்கை நிதானமாகக் குளிக்கட்டும்.

உங்கள் குடும்பத்தில் பிறக்கப்போகும் பேரன் பேத்திகள் எழுத்துப்பிழையில்லாமல் வளர வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டு மாப்பிள்ளை, வேறு வழியில்லாமல்.

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போகும் வழியில், வகுப்பறையில் விட்ட குடையைக் கேட்டு வாங்கலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது. பூட்டு ரிப்பேர்காரர் வேலை. பதினொரு பேரும் அவரவர் இடத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "வகுப்பு இல்லைன்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன். "சொன்னாங்க சார்" என்றார் பஸ் டிரைவர். "நாங்கதான் வரேன்னு சொல்லிட்டுப் போனோமே." நான் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். பல் டாக்டர் வழக்கம்போல் பல் வலி என்று நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் இறந்த காலம் நடத்தினேன். கிளம்பும்போது அவர்கள் பதினொரு பேரும் எனக்கு அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஏழு மாதமாக அதை மற்றவர்களைச் சொல்லவைத்திருக்கிறேனே தவிர, நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவளிடமும் சொல்லவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் மச்சான், சிவப்பு மையிலேயே அடியுங்கள். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை காலையில் வருகிறேன். அவள் குளித்துக்கொண்டிருந்தால் அவசரப்படுத்த வேண்டாம். நான் வாசலிலேயே நிற்கிறேன்.