மேல்மாடிக் குளியலறை நாற்றம் குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மூத்த மகளும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் போனில் உங்கள் மகளிடம் பேசியது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாக மேல்மாடிக் குளியலறையில் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதாம், சின்ன மாப்பிள்ளையை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறீர்களாம். மாமா, நகராட்சியின் நாற்றத் தடுப்புப் பிரிவில் நானும்தான் இருக்கிறேன். சகலை வந்து சேர்வதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இருக்கிறேன். சாக்கடை மூடியைத் தூக்கி ஒரு முறை மோந்து பார்த்தால் எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவேன், பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். வீட்டில் ஒரு நாற்றம் என்றால் முதலில் என் ஞாபகம் வர வேண்டாமா?

அப்படி என்ன செய்துவிட்டார் அவர்? தன் பகுதித் தெருக்களில் சாக்கடை மூடிகளுக்கு அடியில் ஆங்காங்கே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார். அது உள்ளே இருக்கும் வாயுவை அளந்து அவர் போனுக்கு எண் அனுப்புகிறது. எண் ஏறினால் பம்பு ஹவுஸுக்குப் போன் போட்டு மருந்து கலக்கச் சொல்கிறார், காற்றுக்குழாயின் தலையில் கரி நிரப்பிய டப்பாவை மாட்டச் சொல்கிறார். சட்டைக் கை மடிப்புக் கலையாமல் வீட்டுக்குப் போகிறார். போன மாதம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் போனைப் பார்த்துவிட்டு, "உக்காந்த இடத்துலேருந்தே ஊரையே பாத்துக்கிறாரே" என்று பூரித்துப்போனார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க கை கழுவிட்டீங்களா?" என்றார். கழுவிக் கழுவி என் விரலெல்லாம் சுருங்கியிருந்தது மாமா.

இதெல்லாம் பொறாமை என்கிறாள் உங்கள் மகள். ஆமாம், பொறாமைதான். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவுக்கு ஒரு கண்காணிப்பாளர் பதவி வந்திருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் யார் பகுதியில் இந்த மாதம் புகார் குறைவோ அவருக்குத்தான் என்று பொறியாளர் அம்மா சொல்லிவிட்டார். நான் சும்மா விடுவேனா? என் பகுதி மேட்டுத்தெருக்கள். அங்கே ஒரு மூடி விடாமல் ரப்பர் பட்டை வைத்து இறுக்கினேன், காற்றுத் துளைகளையெல்லாம் தார் வைத்து அடைத்தேன், ஆட்களை மேலே ஏறி நின்று மிதிக்கவும் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு புகார் கிடையாது. டீக்கடைக்காரர் ஒருவர் மூடி மேலேயே பெஞ்சு போட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "எப்படிங்க பண்ணீங்க?" என்று பொறியாளர் அம்மா கேட்டார். "எல்லாம் அனுபவம்தான் மேடம்" என்றேன்.

ஆனால் சகலை பகுதியிலும் ஒரு புகார் இல்லை. இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். உங்கள் வீடு பள்ளத்தில், அவர் பகுதியில் இருக்கிறது. சொந்த மாப்பிள்ளை ஆயிற்றே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மாதமாகப் பொறுத்துப் போகிறீர்கள். அது தப்பு. நாளைக்கே நகராட்சிக்குப் போய் எழுத்துமூலம் ஒரு புகார் கொடுங்கள். அத்தையும் தனியாக ஒன்று கொடுத்தால் இரண்டாகக் கணக்கில் வரும்.

உங்கள் எல்லோர் உடம்பும் மூக்கும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். சகலைக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
முதலில் வந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சகலை வந்து நின்றார். நேரே உங்கள் வீட்டிலிருந்து வருகிறார், சட்டைக் கையெல்லாம் ஈரம். "அண்ணே, மாமா வீட்டு மாடி பாத்ரூமை யாரும் புழங்கறதில்ல. தண்ணி போற துளைக்குக் கீழ வளைகுழாய் இருக்குல்ல, அதுல நிக்கிற தண்ணி காஞ்சுபோயி வழி திறந்து கெடக்கு. மேட்டுல நீங்க எல்லா மூடியையும் இறுக்கிட்டீங்க. காத்து போக வழியில்லாம கீழ வந்து, அந்தத் துளையில ஏறுது. நீங்க ரப்பர் வச்ச அன்னிலேருந்து என் பெட்டியில எண் ஏறிக்கிட்டே இருக்கு" என்றார். மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "பழைய குழாய், அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டு ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு வந்தேன். காலையில ரெண்டு பேருமா போயி ரப்பரை எடுத்துடலாம்ணே" என்றார்.

ஆகவே மாமா, தயவுசெய்து புகார் எதுவும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். வேறு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்றால் உங்கள் மகள் கேட்கவில்லை. "அப்படியே அனுப்புங்க, அப்பா முழுசாப் படிக்கட்டும்" என்று உறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சகலை காபி குடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இப்போதுதான் போனார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மாடிப்படி இறங்குவதற்குள் உங்களிடம் போட்டுக்கொடுத்திருப்பேன். அவருக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். பெட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாமா, இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.