மீசையை வாங்கிய கோட்டை

கம்பம் பள்ளத்தாக்கை முப்பது தடவை பிடித்து, முப்பது தடவையும் பறிகொடுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஜெனரல். உத்தமபாளையத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸின் பழைய காகிதக் கட்டுகளுக்குக் காவல் இருப்பது அவர் உத்தியோகம். தெருவில் ஓலைவெடி வெடித்தால் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவார். ஆனால் மீசை மட்டும் அசல் பட்டாளத்து மீசை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கும் ஏலக்காய் வியாபாரி ராவுத்தருக்கும் யுத்தம். தரையில் வரைபடம், அதன்மேல் புளியங்கொட்டை காலாட்படை, கொள்ளு குதிரைப்படை, ஏலக்காய் பீரங்கி. நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையாம். அதனால் படமும் அந்தக் காலத்துப் படமாக இருக்க வேண்டும் என்று ஜெனரல் ஒரே பிடிவாதம்.

"புதுப் படத்துல மோட்டார் ரோடு போகுதுய்யா. என் குதிரை என்ன, பஸ்ஸுலயா வரும்?"

பழைய படம் தேடி மேகமலை எஸ்டேட் பங்களாவுக்குப் போனார்; நாய் துரத்தி, போனதைவிட வேகமாக இறங்கினார். கடைசியில் பக்கத்து ஊர் மாதா கோயில் வாத்தியார் வீட்டுப் பெட்டியில் ஒன்று அகப்பட்டது. மலைச்சரிவெல்லாம் மயிரிழைக் கோடுகள். கோடு நெருங்கினால் செங்குத்து, குதிரை ஏறாது.

"இரவல் தர மாட்டேங்குறாக. நீ வந்து பிரதி எடுப்பா" என்று என்னை இழுத்துப்போனார். ஆபீஸில் நகல் எழுதுகிறவன் நான். கை அழகு என்று எனக்கே ஒரு கர்வம். வாத்தியார் சம்சாரம் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே பென்சிலில் வரைந்து, ஜாகைக்கு வந்து மை போட்டேன். சுருளிப்பட்டிக்கு மேலே வட்டமாக ஒரு கோட்டை தெரிந்தது. கொத்தளமெல்லாம் வைத்து ஜோடித்தேன்.

அந்த ஞாயிறு பந்தயம்: தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும். ஜெனரல் அத்தனை புளியங்கொட்டையையும் கோட்டைக்குள் கொட்டினார். ராவுத்தரின் ஏலக்காய்கள் எவ்வளவு சுட்டும் பலிக்கவில்லை.

"யோவ் செனரலு, மாசம் ரெண்டு தடவை அந்த மலையில மூட்டையோட ஏறி எறங்குறேன். அங்கன கோட்டை ஏதுய்யா?"

"இடிஞ்சிருக்கும்."

"இடிஞ்சா? கல்லெல்லாம் கரைஞ்சா போச்சு? வாரும், அசலைப் பாப்போம்!"

என் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். அசல் படத்தில் அந்த இடம் வெறும் சரிவு. ராவுத்தர் அதில் மூக்கை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் மறுபடி காப்பி கொண்டுவந்தார். ஜெனரல் டம்ளரை எடுத்து, சத்தமில்லாமல் என் கோட்டைமேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

அன்றைக்குக் காப்பி டம்ளரைப் பிரதிமேல்தான் வைத்திருந்தேன்.

"யாருய்யா கட்டுனது இந்தக் கோட்டைய?" என்று ராவுத்தர் நிமிர்ந்தார்.

"நான்தான். இந்தத் தடவையும் தோத்துருவேன்னு பயந்து, தம்பிகிட்டச் சொல்லிப் போட வச்சேன்" என்றார் ஜெனரல், டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு.

சாயங்காலமே நாவிதர் கையால் மீசை போயிற்று. கண்ணாடியில் பார்த்து அவரே சிரித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுப்பா, ஒரு மணி நேரமாச்சும் கோட்டைக்குள்ள இருந்தோம்ல!" என்றார்.

மறுநாள் காலையில் அதே நாவிதர் முன்னால் நானும் போய் உட்கார்ந்தேன். அப்போது என் மேலுதட்டில் இருந்தது மொத்தம் பதினோரு முடி. இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டேன்.