நகராத ஏணி

கணக்குப்படி ஏணி நகரவில்லை. அதுதான் தகராறு.

ஐந்து மீட்டர் ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடியை யாரோ ஒரு வேலையற்றவன் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் வெளியே இழுக்கிறான். அடி சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் கீழிறங்கும்? கல்லூரி முதலாண்டு வீட்டுப்பாடம். டியூஷன் டீச்சர் படம் போட்டார், மூன்றை வைத்தார், உயரம் நான்கு என்று கண்டுபிடித்தார், மளமளவென்று வகையீடு செய்தார். விடை பூஜ்யம்.

"அப்போ கீழ இழுத்தாலும் மேல அப்படியே நிக்குமா டீச்சர்?" என்று மாணவி கேட்டாள்.

கேலியாகக் கேட்டிருந்தால் அதட்டியிருக்கலாம். பாவம், நிஜமாகவே கேட்டாள்.

டீச்சர் பட்டம் வாங்கிப் பல வருடமாகிறது. கல்யாணம், குழந்தைகள் என்று ஆனதில் நுண்கணிதம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியிருந்தது. இந்தப் பெண்தான் அவருடைய முதல் மாணவி. இந்தப் பருவத் தேர்விலும் கோட்டைவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். தனக்கு மண்டையில் ஏறாது என்று முதல்நாளே அழுதவளிடம், ஏறும் என்று அடித்துச் சொன்னவர் டீச்சர். அவளிடம் போய் இப்போது தனக்கே தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கு. எங்கன்னு நீயே யோசிச்சு நாளைக்கு வந்து சொல்லு" என்று தோரணையாகச் சொல்லி அனுப்பினார். மாணவி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்தியதும் டீச்சர் ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து சுவரில் சாய்த்து, அடியைப் பிடித்து இழுத்தார். உச்சி நன்றாகவே இறங்கியது. கூடவே சுவர்க் கடிகாரமும் இறங்கியது.

சத்தம் கேட்டு வந்த கணவர் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தார். வேகம் பார்க்கிறேன் என்றார் டீச்சர்.

"இனிமே எதை வெச்சுப் பாப்பே?" என்று கேட்டுவிட்டு அவர் துடைப்பம் எடுக்கப் போனார்.

பரணில் பழைய பாடப்புத்தகம் இருப்பது டீச்சருக்கு நினைவு வந்தது. ஏற வீட்டில் ஏணி கிடையாது. நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஏணி நகராவிட்டால் என்ன, ஸ்டூல் தாராளமாக நகர்ந்தது. கணுக்கால் பிசகியதுதான் மிச்சம். கையோடு வந்தது வேதியியல் புத்தகம்.

காலில் ஐஸ் வைத்துக்கொண்டே இன்ஜினீயர் தம்பிக்குப் போன் போட்டார். தன் கணக்கு என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார் என்று ஒரு போடு போட்டார். தம்பி, தான் மீட்டிங் போடுவதோடு சரி, கணக்கெல்லாம் மறந்தாயிற்று என்றான். ஆபீஸில் ஒருவனுடைய தங்கை கல்லூரியில் படிக்கிறாளாம், அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

மறுநாள் மாலைவரை தம்பியிடமிருந்து பதில் இல்லை. டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து யோசிப்போம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். நேற்றே சொல்லியிருந்தால் கடிகாரமாவது பிழைத்திருக்கும்.

ஆனால் சொல்வதற்கு ஆள் வரவில்லை. டியூஷன் நேரம் தாண்டி வெகுநேரமாகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டாள், இனி வரமாட்டாள் என்று தோன்றியது. தன் வீம்பால் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்றே என்று நினைத்ததும் டீச்சருக்கு அழுகை முட்டியது.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, விடை வந்துடுச்சு. மூணை முதல்லயே வெச்சா ஏணி நின்னுபோயிடுமாம். தூரத்தை எக்ஸ்னே வெச்சு டிஃபரன்ஷியேட் பண்ணிட்டு, கடைசியிலதான் மூணைப் போடணுமாம். நொடிக்கு முக்கால் மீட்டர்."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இவ்வளவுதானா? யார் போட்டது என்று சுரத்தில்லாமல் கேட்டார். அந்தத் தங்கையின் வகுப்பில் ஒரு பெண்ணாம். வேறு யாருக்குமே வரவில்லையாம். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பியவளை விடாமல் பிடித்துவைத்து, மொத்த வகுப்பும் இன்னும் அவளிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.

"அவளோட டியூஷன் டீச்சர் வேணும்னே பூஜ்யம் வரவெச்சு, தப்பு எங்கன்னு நீயே கண்டுபிடின்னு அனுப்பினாங்களாம். நீயும்தான் டியூஷன் எடுக்கறே, ஒரு நாள் அந்தம்மாவைப் போய்ப் பார்த்து எப்படிச் சொல்லித்தரணும்னு கத்துக்கோயேன் அக்கா."