ரயில் போகட்டும், சொல்லுகிறேன்

வெள்ளவத்தை

மதிப்புக்குரிய ஷெரோமி மிஸ் அவர்களுக்கு,

தங்கள் மாணவி யதுஷாவின் தகப்பன் சிவானந்தன் எழுதிக்கொள்வது. இந்த வெக்கையிலும் தாங்களும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உளவியல் வரலாறு என்ற பாடத்தை வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று பெற்றோரிடம் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

முதலில் மண்டை மேடுகளைத் தடவிக் குணம் சொல்லும் பழைய வித்தையைப் படித்தாள். என் தலையைத் தடவோ தடவென்று தடவி, காதுக்குப் பின்னால் பிடிவாதம் புடைத்திருக்கிறது என்றாள். அடுத்த கிழமை, "அது முழுக்கப் பிழையாம் அப்பா" என்கிறாள். "பிழையெண்டா ஏன் பிள்ளை படிக்கிறாய்?" என்றேன். "அந்தக் காலத்துக் கெட்டிக்காரரே நம்பினவை. இப்ப நாங்கள் நம்புறதில எது பிழையோ, ஆருக்குத் தெரியும்?" என்றாள். இதுவும் ஒரு படிப்பா, மிஸ்? பிறகு மணியும் நாயும் வந்தது; மணியடித்துச் சோறு வைத்துப் பழக்கினால் வெறும் மணிக்கே நாய்க்கு வாயூறுமாம். எங்கள் வீட்டில் நாய் இல்லை, ஆகவே நான்தான் நாய். மணியடித்து மணியடித்து வடை தந்தாள். போன வெள்ளி கோயிலில் பூசை மணி அடிக்க எனக்கு வாயூறி வடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கீழ்மாடி ஜெயகுமார் கண்ணீர் என்று நினைத்து உருகிப்போனார்.

கடைசியாக நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த பாடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு, எதன் பேரையும் சொல்லாமல், மனதில் படுவதை மட்டும் சொல்ல வேண்டுமாம். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் வந்தது. "ரயில் எண்டு சொல்லக்கூடாதப்பா. என்ன படுது?"

"ஆரோ கதைச்சுக்கொண்டு இருந்து பாதியில நிப்பாட்டினது போல."

"ஆரு?"

நான் என்னத்தைச் சொல்ல? என்ர மனிசி சிவமணி, இவள் நடக்கத் தொடங்குமுன் போய்ச் சேர்ந்தவள். ரயில் வந்தால் கறிச்சட்டியும் கையுமாய் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்தே என்னை ஏசத் தொடங்குவாள். ஐயோ, அந்த ஏச்சை ஒருக்காக் கேட்க எவ்வளவு ஆசையாயிருந்தது! இவ்வளவு காலமும் தாயைப் பற்றி வாய் திறக்காத நான் தேத்தண்ணி ஆறும்வரை கதைச்சன். பிள்ளை அழுதிட்டுது. நானும்தான். ரயிலுக்கு மேலால் கத்திக் கதைக்கிற பிள்ளை, மிஸ், அண்டைக்கு ஒரு சொல்லும் கதைக்கேல்லை. மூடி வைச்சதைக் கிளறுகிற படிப்பு எங்களுக்கு வேண்டாம்.

உங்கள் அந்தோனியாரும் எங்கள் பிள்ளையாரும் சேர்ந்து, தங்கள் வீட்டில் தண்ணியும் கரண்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
த. சிவானந்தன்

பிற்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரம் குசினிக்குள்ளிருந்து யதுஷா, "அப்பா, இந்தச் சம்பலுக்கு" என்றாள். ரயில் வந்தது. அவள் கத்தவில்லை. அகப்பையும் கையுமாய் நின்றாள். ரயில் போனதும், "உப்புக் காணுமோ?" என்றாள். மேலே எழுதியது முழுக்கப் பிழை, மிஸ். பாடம் இருக்கட்டும். கடிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். பிழைகளையும் வைத்திருக்க வேணும்தானே.